அண்ணாச்சி பதில்கள்: மலை ஏற எவ்வளவு?

கேள்வி: என் மகன் மலேசியாவில் சபா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். கினபாலு மலை ஏற ஆசைப்பட்டு விசாரித்தானாம். கூட வேலை செய்கிற உள்ளூர்ப் பையன்களே, ‘நமக்குக் கட்டுப்படியாகாது, நாங்கள் அடிவாரத்தோடு சரி’ என்கிறார்களாம். சொந்த ஊர் மலையில் ஏற முடியாமல் போகுமா அண்ணாச்சி?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: போகும் தாயே. எல்லாரும் அனுமதிக் கட்டணத்தைத்தான் திட்டுவார்கள். அங்கே அது மலேசியர்களுக்குக் குறைவு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடிப்பது படுக்கை.

கினபாலு 4,095 மீட்டர். சுமார் 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாசலில் நடக்கத் தொடங்கி, 3,270 மீட்டர் வாக்கில் லாபான் ராத்தாவில் ராத்தங்கி, நடுச்சாமம் கழிந்து இரண்டு, இரண்டரைக்கு உச்சிக்குக் கிளம்புவார்கள். மேலே படுக்கை பதிவாகாமல் ஏற விடுவதில்லை. பூங்காவை 1964-இல் உண்டாக்கியது அரசுதான். ஆனால் தங்குமிடங்களை 1998-இல் தனியாரிடம் கொடுத்துவிட்டார்கள். அறையும் சாப்பாடும் சேர்த்து மொத்தத் தொகையாக வாங்குகிறார்கள். வழிகாட்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டு மலிவாக இருந்து என்ன செய்ய?

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மேலே ரோடு கிடையாது. அரிசி, முட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் சுமைக்காரர் முதுகில்தான் ஏறுகிறது. ஆனால் விலையைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கூலி மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் இடம். அதற்கு உலகம் பூராவிலிருந்தும் ஆள் வருகிறது. ஐரோப்பியப் பயணி யோசிக்காமல் கொடுக்கும் தொகைக்கு விலை போட்டால், சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவில் கடையில் நிற்கிற பையன் எங்கே போவான்?

எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அங்குள்ள கடசான், டூசுன் பழங்குடி மக்களுக்கு அந்த மலை, செத்துப்போன முன்னோரின் ஆவிகள் தங்கும் இடம். வருசா வருசம் மலைக்குப் பூசை செய்கிறவர்கள். 2015 ஜூன் 5 பூகம்பத்தில் மலையில் 18 பேர் இறந்தபோது அதில் உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள். மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக்கொண்டு வந்ததும் அந்த ஊர் ஆட்கள்தான். தாத்தா பாட்டி இருக்கிற இடத்துக்குப் பேரன் அறை பதிவு செய்துகொண்டு போக வேண்டும் என்பது என்ன கணக்கோ!

குத்தகைப் பத்திரத்திலேயே, தினமும் இத்தனை படுக்கை சபாக்காரருக்கு, இந்த விலைக்கு என்று எழுதியிருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது அரசு. கம்பெனிக்காரன் தானாகச் செய்வான் என்று காத்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

உங்கள் மகன் வெளிநாட்டவர் கணக்கில் வருவான், அதை முதலில் சொல்லிவையுங்கள். பணம் சேரும்வரை குண்டசாங் ஊருக்குப் போய்வரட்டும். காய்கறிச் சந்தையில் நின்றாலே, மேகம் விலகியிருந்தால், மலை முழுசாகத் தெரியும்.

கேள்வி: காளிகேசத்திலும் மலையேற்றத்துக்கு ஆன்லைனில் பணம் கட்டச் சொல்கிறார்கள். நம் ஊரும் அப்படி ஆகிவிடுமா?
— ஒரு வாசகர், பூதப்பாண்டி

பதில்: அது தனியார் காரியம் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது, அதில் ஒன்று காளிகேசம். நடத்துவது வனத்துறை, கூட்டிப்போவது மலையோர ஊர் இளைஞர்கள். 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் செத்த பிறகும் வழிகாட்டி வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. அந்தக் கூலியை மனசோடு கொடுங்கள்.

ஆனாலும் கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போக நினைத்தால், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் போட்டால் அன்றே திட்டத்தைக் கைவிடுவார். சென்னையிலிருந்து வருகிறவருக்கும் அவருக்கும் ஒரே விலை எதற்கு? ஆதாரில் மாவட்டத்தைப் பார்த்துப் பாதிக் கட்டணம் வாங்கலாமே. அப்புறம், மேலே தங்குமிடம் கட்டி யாருக்காவது ஏலம் விடும் பேச்சு வந்தால் அன்றைக்குப் பயப்படுங்கள். அகஸ்தியர்கூடம் மலைக்கு போனக்காடு வழியாகப் போகிறவர்கள் அதிருமலையில் தங்குவது கேரள வனத்துறை முகாமில்தான். அதனால் கட்டணம் கூடினால் அரசிடமே சண்டை போடலாம்.

கேள்வி: மருந்துவாழ் மலைக்கு 50 ரூபாய் டிக்கெட் போட்டால் குப்பையாவது குறையுமே?
— ஒரு வாசகர், கொட்டாரம்

பதில்: குறையாது. காசு கட்டினோமே என்று இன்னும் ஒரு பாட்டில் சேர்த்துப் போடுவான். நாராயண குரு தவமிருந்த பிள்ளத்தடம் குகைக்கு காலையில் நடந்து ஏறும் கிழவர்கள்தான் பாவம், வராமல் போவார்கள். டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பிடித்து, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அதே ஏற்பாட்டை அடிவாரத்தில் தண்ணீர் பாட்டிலுக்குச் செய்யுங்கள். பஞ்சாயத்தில் ஒரு மேசையும் ஒரு ஆளும் போட்டால் போதும்.