மாமாவின் கைங்கரியம், மனைவியின் நகை

கேள்வி: கொடைக்கானலில் 22 வருடமாகக் கடை போர்டு எழுதியும் ஹோட்டல் சுவரில் படம் வரைந்தும் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்து போர்டு வேலை படுத்துவிட்டது. இரண்டு வருடமாகத் தஞ்சாவூர் பாணியில் சாமிப் படம் செய்கிறேன்: குறிஞ்சியாண்டவர், பழனி ராஜ அலங்காரம், ஒரு சலேத் மாதாவும்கூட. மனசு இதில்தான் நிற்கிறது. மாதம் சுமார் 28,000 வருகிறது. வீட்டுச் செலவு 21,000. மனைவியின் 6 பவுன் மூன்று சீட்டாக அடகுக் கடையில் 2,40,000 ரூபாய்க்கு இருக்கிறது, இரண்டு வட்டி. டிஜிட்டல் தங்கத்தில் மாதம் 2,000 போட்டு 36,000 சேர்த்திருக்கிறேன். திருப்பணிக் குழுவில் இருக்கும் தாய்மாமா சொல்லி 7 படம் காசு வாங்காமல் செய்து கொடுத்தேன். பழையபடி போர்டு வேலைக்கே போய்விடவா?

பதில்: வேண்டாம். சாமிப் படம் உங்களைக் கடனாளி ஆக்கவில்லை. மாமா "சாமி காரியம், காசு பேசாதே" என்றதும் தலையாட்டுகிறீர்களே, அதுதான் ஆக்கியது.

பலகை, கல், தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) என்று படத்துக்கு 9,000 வைத்தாலும் ஏழுக்கு 63,000. மலை ஈரத்தில், படத்தை மேடாக்கப் பூசும் மக்குப் பசை காய்வதற்குள் பொறுமை போய்விடும். காயாமல் ரேக்கு ஒட்டினால் எழும்பிக்கொள்ளும். ஆக, படத்துக்கு 20 நாள். போர்டுக் கூலி நாளுக்கு 1,200 என்றால் 140 நாளுக்கு 1,68,000. கூட்டினால் 2,31,000. உங்கள் அடகுத் தொகையும் கிட்டத்தட்ட அதேதான். அதற்கு மாதம் 4,800 வட்டி. இரண்டு வருடத்தில் 1,15,000 போயும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. உபயக் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

டிஜிட்டல் தங்கம் யார் சொன்ன யோசனை? வீட்டுத் தங்கத்துக்கு 24 சதவீத வட்டி கட்டிக்கொண்டு, 3 சதவீத ஜிஎஸ்டி கொடுத்துக் கைபேசியில் வேறு தங்கம் வாங்குகிறீர்கள். அது தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்தது. விற்றுவிடுங்கள்.

அந்தப் பணத்தில் இருப்பதிலேயே சின்னச் சீட்டை மீட்டு, அதே நகையை வங்கியில் வையுங்கள். இரண்டு வருடத்தில் பவுன் விலை நன்றாக ஏறியிருப்பதால் முன்பைவிடக் கூடுதலாகவே தருவார்கள். அதைக் கொண்டு அடுத்த சீட்டு, பிறகு மூன்றாவது. வட்டி 10 சதவீதம் என்றால் மாதம் 2,000-க்குள் அடங்கும். இப்போது வட்டிக்கும் கைபேசித் தங்கத்துக்கும் போகும் 6,800-ஐ அப்படியே வங்கியில் கட்டினால் மூன்று, மூன்றரை வருடத்தில் நகை வீட்டுக்கு வரும். வருடா வருடம் புதுப்பிக்கும்போது வட்டியோடு நிறுத்தாமல் அசலையும் குறையுங்கள்.

கோவில்பட்டி கொண்டையராஜு ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகத் திரை எழுதி, காலண்டர் சாமிப் படத்தால் பெயர் பெற்றார். அவருக்கும் அது தொழில்தான். சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்குக்கே வெளிவந்துவிடும். உங்கள் படங்களைப் பங்குனிக்குள் அங்கே காட்டிவிடுங்கள்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். "பலகையும் ரேக்கும் குழு வாங்கித் தரட்டும் மாமா, கைவேலை என் காணிக்கை, வருடத்துக்கு ஒரு படம்" என்று சொல்லுங்கள். எட்டாவது படத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால், ரேக்கு வந்து சேரும்வரை பலகையைத் தொடாதீர்கள்.