ஜோர்ஜ் நீஸின் சதுரங்களை உங்கள் திரையில் வரைதல்

கேள்வி: கல்முனையில் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் கற்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்காக, ஜோர்ஜ் நீஸின் 'ஷொட்டர்' படத்தை பி5 ஜேஎஸ் எனும், படம் வரைவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தைக் கொண்டு வரைய முயன்றேன். சதுரங்கள் திரைக்கு வெளியே பறக்கின்றன. படமும் ஓயாமல் துடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: 1960களின் இறுதியில் ஜேர்மனியரான நீஸ் கணினியையும் பேனா பிடித்த வரைகருவியையும் கொண்டு உருவாக்கிய அப்படத்தில், 12 நிரல்களிலும் 22 நிரைகளிலுமாக 264 சதுரங்கள் உள்ளன. மேல் நிரைகளில் அவை ஒழுங்காக நிற்க, கீழே செல்லச் செல்ல இடம் பெயர்ந்தும் சரிந்தும் குலைகின்றன.

சதுரங்கள் பறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சுழற்சிக் கட்டளைதான். 'ரோட்டேட்' சதுரத்தை அதன் மையத்தில் சுழற்றுவதில்லை. ஆள்கூற்றுத் தொகுதி முழுவதையும் உற்பத்திப் புள்ளியை, அதாவது வழமையாகப் படப்பரப்பின் மேல் இடது மூலையை, சுற்றித் திருப்புகிறது. அத்துடன், ஒரு சதுரத்துக்குக் கொடுத்த திருப்பம் அடுத்தடுத்த சதுரங்களின் மீதும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஒவ்வொரு சதுரத்துக்கும் முதலில், அப்போதைய நிலையைச் சேமிக்கும் 'புஷ்' இட்டு, 'ட்ரான்ஸ்லேட்' மூலம் அதன் மையத்துக்குச் சென்று, பின்னரே சுழற்றி, மையத்தை ஆதாரமாகக் கொண்டு வரைந்து, சேமித்த நிலைக்குத் திருப்பும் 'பாப்' இட்டு முடியுங்கள். கோணங்கள் இயல்பாக ஆரையனில் (180 பாகை = π ஆரையன்) கொள்ளப்படுவதால், 45 பாகையை வெறுமனே 45 என்று கொடுத்தாலும் படம் கெடும்.

துடிப்பை நிறுத்துவது எளிது. 'ட்ரோ' செயற்கூறு செக்கனுக்குச் சுமார் 60 தடவை இயங்கி ஒவ்வொரு தடவையும் புதிய எழுமாற்று எண்களைக் கேட்கிறது; 'நோலூப்' அதை ஒரு தடவையோடு நிறுத்திவிடும்.

இனி, படத்தின் உயிரான குலைவு. நிரை எண்ணை 0 முதல் 21 வரை கொண்டு, அதனை 21ஆல் வகுத்துவரும் பின்னத்தால் இடப்பெயர்வையும் கோணத்தையும் பெருக்குங்கள். சதுரத்தின் பக்கம் 30 பிக்சல் எனில், இரு திசைகளிலும் 15 பிக்சல் வரையும் 45 பாகை வரையும் அனுமதித்துத் தொடங்கலாம். கிடை, நிலைக்குத்து, கோணம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எழுமாற்று எண்கள் வேண்டும். ஒன்றையே மூன்றுக்கும் பயன்படுத்தினால் எல்லாச் சதுரங்களும் ஒரே போக்கில் சரிந்து, குலைவு பொய்யாகத் தெரியும். பின்னத்தை வர்க்கித்துப் பெருக்கினால் மேற்பகுதியின் அமைதி நீண்டு நிற்கும். என் கண்ணுக்கு அதுவே அழகு, ஆனால் அது நீஸின் படத்திலிருந்து சற்று விலகிய உங்கள் சொந்தப் படமாகிவிடும். சதுரங்களுக்கு நிறம் நிரப்ப வேண்டாம், கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது தெரிய வேண்டும்.

ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே எழுமாற்று எண் வரிசையைத் தரும் 'ராண்டம்சீட்' கட்டளைக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, எண்களை மாற்றிப் பார்த்து, பிடித்த படம் வந்ததும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு முதல்நாள் வேறு கணினியில் அச்சிட நேர்ந்தாலும் அதே படம் கிடைக்கும்.