கொம்புக்குப் பின்னால் வரும் ள: குறியாக்க மாற்றியின் கையேடு பற்றிக் கேள்வி பதில்

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றும் சிறு கருவி ஒன்றைப் பெங்களூரில் சில அச்சகங்கள் பயன்படுத்துகின்றன. நிரல் எழுதியவர் வேறொருவர். கையேட்டைக் கவனித்துக்கொள்வது மட்டும் என் பொறுப்பு. அல்சூர், ஸ்ரீராமபுரம், சாம்ராஜ்பேட்டை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கருவியில் மாற்றமே இல்லாத மாதங்களிலும் கையேட்டைத் திருத்துகிறீர்களே, எதற்கு?

கருவி மாறாவிட்டாலும் வந்துசேரும் கோப்புகள் மாறுகின்றன. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைகளை, அறிவித்தது. அதற்கு முன்பே டிஸ்கி என்ற குறியாக்கம் இருந்தது. பாமினி என்ற எழுத்துருவை யாரும் அறிவிக்கவில்லை. அது பாட்டுக்கு வீடுவீடாகப் பரவிவிட்டது. ஒவ்வோர் அச்சகத்தின் பழைய வட்டிலும் இவற்றில் எது இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புதிதாக ஒரு சிக்கல் வந்தால், அதைக் கருவி தீர்க்கிறதா, தீர்க்கவில்லையா என்று எழுதிவைக்க வேண்டும். தீர்க்காதவற்றை எழுதுவதுதான் முக்கியம். அதைப் படிக்காமல் ஆயிரம் பிரதி அடித்தவர்கள் உண்டு.

ஐயா, திருமண அழைப்பிதழில் 'கௌசல்யா' என்ற மணமகள் பெயர் பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் கோப்பில் தேடினால் அந்தப் பெயர் கிடைப்பதில்லை. ஏன்?

உங்கள் கோப்பில் இருப்பது கௌசல்யா அல்ல, கெளசல்யா. பழைய எழுத்துருக்களில் நாம் உருவத்தைத்தான் தட்டினோம்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு ள. பல எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே உருதான். யூனிகோடில் அவை இரண்டும் வேறு. பதின்ம எண்ணில் ள என்பது 2995, ஔகாரத்தின் வலப்பாதி 3031, முழு ஔகாரக்குறி 3020. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு மூன்று.

இந்தக் குழப்பத்துக்கு எங்கள் கருவியில் ஒரு விதி உண்டு. கொம்பு வாங்கிய எழுத்தை அடுத்து வரும் ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரமே. 'வெள்ளம்', 'வெளி' இரண்டும் தப்பித்துவிடும். ள வெறுமனே நின்றால் அதை ஔகாரம் என்று கருவி கொள்ளும். கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் இப்படித்தான் ஒழுங்காகின்றன.

ஒரு சிறுகதைத் தொகுப்பு வரும்வரை இந்த விதியை நான் முழுமையாக நம்பியிருந்தேன். அதில் ஒரு பாட்டி 'வெளக்கமாறு' என்றார். கருவி அதை 'வௌக்கமாறு' ஆக்கியது. 'வெளக்கு', 'வெளயாட்டு' எல்லாவற்றுக்கும் அதே கதி. மெய்ப்பு பார்த்தவர் கண்ணிலும் படவில்லை, இரண்டும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கின்றனவே! அன்று கையேட்டில் இருந்தது ஒரே வரி: 'ஔகாரம் சரியாக மாற்றப்படும்.' எழுதியவன் நான்தான். இப்போது அந்த இடத்தில் விதி, அது தவறும் இடம், பேச்சுவழக்கு மிகுந்த நூல்களுக்கு அதை அணைத்துவைக்கும் முறை என மூன்றும் இருக்கின்றன. எழுத்துகளோடு எண்களையும் அச்சிட்டிருக்கிறோம். வெறும் எழுத்தைக் காட்டினால் படிப்பவருக்கு வேறுபாடு தெரியவே தெரியாது.

உங்கள் கோப்பில் அந்த விதி அணைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அழைப்பிதழுக்கு அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

கையேட்டிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் கருவி அதை ஏற்க மறுக்கிறது. கையால் தட்டினால் வேலை செய்கிறது.

குற்றம் எங்களுடையது. கையேட்டை ஸீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அச்சுக்கோக்கிறோம். அதில் பத்தி எழுத்துருவுக்கு ஒரு மாற்றுவிதி சேர்ந்திருக்கும்: அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோடுகளை ஒரே நீளக்கோடாக்கும், நேர் மேற்கோள்குறியை வளைக்கும். உரைநடைக்கு அது அழகு, கட்டளைக்கு விஷம். குறியாக்கம் மாற்றும் கருவியின் கையேட்டையே இன்னொரு குறியாக்க மாற்றி கெடுத்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டோம். கட்டளைகளை எல்லாம் சம அகல எழுத்துருவுக்கு மாற்றி, அந்த விதி அங்கே செல்லாதபடி செய்துவிட்டோம். கூடவே வெற்று உரைக் கோப்பாகவும் கையேட்டைத் தருகிறோம். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்புகள் இடம் மாறிப்போவதும் உண்டு அல்லவா?

சாம்ராஜ்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிறேன். கன்னடமும் தமிழும் கலந்த அழைப்பிதழில் கன்னடப் பகுதியும் தமிழ் எழுத்தாக மாறிவிட்டது.

வெற்று உரையாகச் சேமித்துக் கொடுத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் எழுத்துருவின் பெயர் போய்விடும். எந்தப் பகுதி கன்னடத்தின் நுடி எழுத்துரு, எந்தப் பகுதி தமிழின் பாமினி என்று கருவிக்குத் தெரியாது. பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகளாகவே கிடக்கும். அதனால் இடையில் வரும் ஆங்கில முகவரிக்கும் இதே ஆபத்துதான். எழுத்துருப் பெயர் தங்கும் ஆர்டிஎஃப் வடிவில் சேமித்துக் கொடுங்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் கையேடு இருந்தால் போதாதா?

போதாது. அச்சகத்தில் கொம்பு, கால் என்று சொல்கிறார்கள். அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

நான் கல்லூரி மாணவன். கையேட்டு வேலையில் உதவ விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?

தம்பி, முதலில் விதிக் கோப்பைப் படியுங்கள். எங்கள் விதிகள் டெக்கிட் என்ற குறியாக்க மாற்று மென்பொருளின் முறையில் எழுதப்பட்டவை. இருபுறமும் முனை உள்ள அம்புக்குறி போகவும் வரவும் மாற்றும், ஒருமுனை அம்புக்குறி ஒரு திசையில் மட்டும். ஒருமுனை அம்பு இருக்கும் இடமெல்லாம் ஏதோ ஒன்று திரும்பி வராது என்று பொருள். எடுத்துக்காட்டாக, 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டுவடிவ றா, ணை போன்றவை யூனிகோடில் இன்றைய றா, ணை ஆகிவிடுகின்றன. மறுபடி பழைய வடிவம் வராது. அத்தகைய விதிகளில் பாதிக்குத்தான் கையேட்டில் விளக்கம் இருக்கிறது. மீதியை நீங்கள் எழுதலாம்.

கையேட்டின் எடுத்துக்காட்டுகள் தனிக் கோப்பாக இருக்கின்றன. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அவற்றைக் கருவியில் ஓட்டிப் பார்க்கிறோம். 'வெளக்கமாறு' வரியிலிருந்து தொடங்குங்கள். கையேட்டில் உள்ளபடி விடை வராவிட்டால் அன்றே எனக்கு எழுதுங்கள்.