50 ஆண்டு கழித்து ஓர் ஆல்பத்தை மீண்டும் மிக்ஸ் செய்வது எதற்கு?
ஆண்டு நிறைவு மறுவெளியீடுகள் வெறும் வியாபாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான், பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 1967இல் வெளிவந்த அது நான்கு டிராக்குகள் (தனித்தனி ஒலித்தடங்கள்) மட்டுமே கொண்ட டேப்பில் பதிவானதால், டிராக்குகள் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு டேப்பில் ஏற்றி, அதன்மேல் அடுத்த கருவிகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு நகலிலும் தெளிவு சற்றுக் குறைந்தது. 2017இல், மூலத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், நகலெடுப்பதற்கு முந்தைய டேப்புகளிலிருந்தே ஒலிகளை இடம், வலம் எனப் பிரித்துத் தரும் புதிய ஸ்டீரியோ மிக்ஸை (ஒலிக்கலவையை) உருவாக்கினார். குழுவினர் அன்று பார்த்துப் பார்த்துச் செய்தது எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோ மிக்ஸைத்தான் (ஸ்டீரியோவை அவசரத்தில் முடித்துவிட்டார்கள்) என்பதால், அவர் அதையே வழிகாட்டியாகக் கொண்டார். பழைய ஸ்டீரியோவில் சற்று மந்தமாக ஓடும் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாடல், புதியதில் மோனோவின் வேகத்திலேயே ஒலிக்கிறது.