ஒரே காற்றில் வைஃபை, புளூடூத், ஜிக்பீ: கேள்வி பதில்

வயர்லெஸ் கருவிகள் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிடாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பதே பல வருடங்களாக என் வேலை. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

எல்லாக் கருவிகளும் ஏன் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வந்து குவிகின்றன?

உரிமம் வாங்காமல், ஏறக்குறைய உலகம் முழுக்கப் பயன்படுத்தக் கிடைப்பது அந்த அலைவரிசைப் பகுதிதான். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ். தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கிய பகுதி அது. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இயங்குகிறது. இதுபோன்ற பகுதிகளில் உரிமமில்லாத தகவல்தொடர்புக் கருவிகளுக்கு 1985-ல் அமெரிக்கா வழி திறந்துவிட்டது. உரிமம் இல்லாததால் யாருக்கும் முன்னுரிமை கிடையாது. விட்டுக்கொடுக்கும் வழக்கத்தைக் கருவிகளுக்குள்ளேயே எழுதி வைத்தாக வேண்டும்.

பக்கத்து ரவுட்டர் 6-ஆம் சேனலில் இருக்கிறது. நான் 4-க்குப் போனால் தொல்லை பாதியாகக் குறையுமா?

பெரும்பாலும் கூடத்தான் செய்யும். சேனல் எண்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. உங்கள் சிக்னலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 4-ம் 6-ம் பாதியளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

இரண்டும் ஒரே சேனலில் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிது) அளவுக்கு மெலிந்த சிக்னலைக்கூட அடையாளம் கண்டு, அது முடியும்வரை காத்திருக்கும். பாதி ஒதுங்கி நின்றால் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சல் மைனஸ் 62 டிபிஎம் அளவை எட்டினால்தான் வைஃபை நிற்கும். அதாவது நூறு மடங்கு வலுவாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி இரண்டும் கெடும். எனவே ஒன்றன்மேல் ஒன்று விழாத 1, 6, 11, இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். 2.4-ல் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். பாதித் தெருவை ஒரே வண்டி அடைத்துக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

என் ரவுட்டர் 1-ல், ஜிக்பீ 11-ல். இவ்வளவு தள்ளி இருந்தும் சென்சார்கள் அடிக்கடி காணாமல் போகின்றனவே?

இந்த எண் குழப்பத்தில் விழாதவர்கள் குறைவு. வீட்டுச் சென்சார்கள் பேசிக்கொள்ளும் குறைந்த சக்தி வயர்லெஸ் முறையான ஜிக்பீயின் எண் வரிசையே 11-ல்தான் தொடங்கி 26-ல் முடிகிறது. அதன் 11-ஆம் சேனல் 2405 மெகாஹெர்ட்ஸ். உங்கள் வைஃபை 1-ஆம் சேனல் 2402 முதல் 2422 வரை பரவியிருக்கிறது. தள்ளி இல்லை, நேராக அதன் அடியில்தான் இருக்கிறீர்கள்.

அடியில் இருந்தால் ஜிக்பீதான் தோற்கும். அதன் சிக்னல் 2 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான், சக்தியும் குறைவு. அது பேசுவது வைஃபையின் காதில் பல சமயம் விழுவதே இல்லை. வேகமும் ஒரு காரணம். சேனல் காலி என்று பார்த்த பிறகு, கேட்கும் நிலையிலிருந்து பேசும் நிலைக்கு மாற ஜிக்பீக்கு 192 மைக்ரோ விநாடி வரை ஆகும். வைஃபைக்கோ 28 மைக்ரோ விநாடி அமைதியும் அதன்மேல் ஒரு சிறு தற்செயல் காத்திருப்பும் போதும். ஜிக்பீ வாயைத் திறப்பதற்குள் வைஃபை பேச ஆரம்பித்துவிடும். இரண்டுமே விதிப்படி கேட்டுவிட்டுத்தான் பேசுகின்றன; ஆனாலும் மெதுவானதற்கு வாய்ப்பு கிடைப்பதில்லை. ஒரே விதி எல்லோருக்கும் நியாயமாகிவிடாது என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் இது.

வைஃபையை 1-லேயே நிலையாக வைத்துவிட்டு ஜிக்பீயை 20-க்கோ 25-க்கோ மாற்றுங்கள். ரவுட்டரின் தானியங்கிச் சேனல் தேர்வை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஒரு நாள் இங்கேயே வந்து நிற்கும். பேட்டரியில் ஓடும் சில சென்சார்களை மறுபடி இணைக்க வேண்டியிருக்கலாம்.

புளூடூத் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது?

ஓடிக்கொண்டே இருப்பதால். பழைய வகைப் புளூடூத் 79 சேனல்களில் விநாடிக்கு 1600 முறை தாவுகிறது. ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாவியது. வைஃபையின் மேலேயும் விழுந்தது. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து எந்தெந்தச் சேனலில் அடி விழுகிறது என்று குறித்துவைத்து அவற்றைத் தவிர்க்கிறது. குறைந்தது 20 சேனலாவது கையில் இருக்க வேண்டும் என்பது விதி. குறைந்த மின்சக்திப் புளூடூத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று: கருவிகள் தங்களை அறிவிக்கும் மூன்று சேனல்கள் 2402, 2426, 2480. வைஃபை 1, 6, 11-ன் ஓரங்களிலும் இடுக்குகளிலும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே போனுக்குள் இரண்டும் இருக்கின்றனவே?

அங்கே தாவுவது மட்டும் போதாது. ஆன்டெனாக்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், ஒன்று கத்தும்போது மற்றதன் காது அடைத்துப்போகும். அதனால் இரண்டு ரேடியோக்களுக்கும் நடுவே ஒரு நடுவர் ஏற்பாடு உண்டு: ஒன்று நேரம் கேட்கும், அவசரமா என்று சொல்லும், நடுவர் அனுமதி தரும். தொலைபேசிக் குரல் போன்ற தாமதம் பொறுக்காதவற்றுக்கு முதலிடம். ஹெட்செட்டில் பேசும்போது 2.4 வைஃபையின் வேகம் இறங்குவது இதனால்தான். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் இந்தப் பங்கீடு பெரும்பாலும் தேவைப்படாது.

யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது.

பிரமை இல்லை. யூஎஸ்பி 3.0-ன் தரவு ஓட்டத்திலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி எழுதியது. மவுஸின் ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் போட்டுத் தள்ளி வையுங்கள்.

எல்டிஇ-யும் (4ஜி மொபைல் தொழில்நுட்பம்) உரிமமில்லாத 5 கிகாஹெர்ட்ஸுக்குள் வந்தால் வைஃபை என்னாகும்?

அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. முதலில் வந்த எல்டிஇ-யூ என்ற முறை, குறிப்பிட்ட நேரம் பேசிவிட்டுக் குறிப்பிட்ட நேரம் ஓய்ந்திருக்கும். பேசத் தொடங்கும் கணத்தில் சேனலில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 13-ஆம் வெளியீட்டில் வகுத்த எல்ஏஏ என்ற முறை, வைஃபையைப் போலவே கேட்டுவிட்டுப் பேசுகிறது. இரண்டாவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

6 கிகாஹெர்ட்ஸ் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நெரிசல் நிறையவே குறையும். 2020-ல் அமெரிக்கா திறந்துவிட்டது மட்டும் 1200 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அது காலி மனை இல்லை. கோபுரத்துக்குக் கோபுரம் மைக்ரோவேவ் இணைப்புகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அதனால் அங்கே முழுச் சக்தியில் இயங்க நினைக்கும் ரவுட்டர் தான் இருக்கும் இடத்தை ஒரு தரவுத்தளத்திடம் சொல்லி, எந்தச் சேனல், எவ்வளவு சக்தி என்று கேட்ட பிறகே பேசத் தொடங்க வேண்டும்.