வசந்த காலத்தில் விலங்குக் காட்சிசாலைக்குப் போனால் விலங்குகளையும் பூக்களையும் நன்றாகப் படம் எடுப்பது எப்படி?

எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை வைத்தே சொல்கிறேன்: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் வில்ஹெல்மா. வேலைக்காக இந்த ஊரில் குடியிருப்பதால் ஆண்டு முழுவதும் போய்வருகிறேன். விலங்குக் காட்சிசாலையும் தாவரவியல் பூங்காவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் வூர்ட்டம்பெர்க் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் மூரிய பாணியில் (ஸ்பெயின், வட ஆப்பிரிக்கப் பகுதிகளின் இஸ்லாமியக் கட்டடக் கலை) கட்டிய மாளிகையும் தோட்டமும்தான் இதன் தொடக்கம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பெரும்பகுதி சிதைந்தது. விலங்குகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

பூவோ புலியோ, முதலில் பின்னணியைப் பாருங்கள். இதுதான் என் முக்கியமான பதில். விலங்கு நடந்துகொண்டே இருக்கும். பின்னால் இருக்கும் சிமென்ட் சுவரும் தண்ணீர்க் குழாயும் நகராது. அதனால் விலங்கைத் துரத்தாமல், பின்புறம் சுத்தமாக இருக்கும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கே விலங்கு வரும்வரை நில்லுங்கள். கூண்டுக்குள் அவை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் சுற்றும். சற்று நேரம் பார்த்தாலே எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று பிடிபட்டுவிடும். ஒரே நாளில் எல்லாக் கூண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும். இரண்டு மூன்று விலங்குகள் போதும்.

கம்பி வலை இருந்தால் லென்ஸை வலைக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக அனுமதி உண்டோ அவ்வளவு பக்கம் போங்கள். லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து, அதாவது எஃப் 4 அல்லது 5.6 வைத்து, விலங்கு வலையிலிருந்து தள்ளி நிற்கும்போது எடுத்தால் கம்பி கரைந்துவிடும். ஆனால் வலையின் மேல் வெயில் பட்டால் படம் முழுக்க வெளிறிய புகைபோல் படியும். நிழல் விழுந்த பகுதியாகப் பார்த்து நில்லுங்கள். கண்ணாடி என்றால் லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் ஹூடை அதில் ஒட்டிவைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவதும் கூடாது. அது விலங்கின் வீடு.

சரி, பூவுக்கு வருவோம். மூரியத் தோட்டத்தில் மக்னோலியா மரங்கள் தோப்பாகவே நிற்கின்றன. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இலை விடுவதற்கு முன்பே மரம் முழுக்கப் பூக்கும். எல்லோரும் விரிந்த பூவைத்தான் எடுப்பார்கள். எனக்கு மொட்டுதான் பிடிக்கும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் அடர்ந்த ஓர் உறை. அது ஒரு பக்கம் பிளந்து, பாதி கழன்று தொங்கும்போது, உள்ளே சுருண்ட இதழின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாகவும் நுனி வெளிறியும் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். அந்தக் கட்டம் வெகுநாள் நிற்காது. இரவில் ஒரு உறைபனி விழுந்தால் மலர்ந்த இதழெல்லாம் மறுநாளே பழுத்துக் கறுத்துவிடும். வானிலை அறிக்கையில் குளிர் வருகிறது என்றால் வார இறுதிவரை காத்திருக்காதீர்கள்.

பூவுக்கு மேகமூட்டமான நாள்தான் நல்லது. உச்சி வெயிலில் வெள்ளை இதழின் நரம்பெல்லாம் அழிந்துவிடும். வெள்ளைப் பூ ஃபிரேமை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). கொரில்லாவுக்கு இதற்கு நேர்மாறு: கறுப்பு ரோமம் வெளுத்துத் தெரியும், கொஞ்சம் குறைக்க வேண்டும். கொரில்லாக்களும், சிம்பன்சியின் நெருங்கிய உறவான போனபோக்களும் வாழும் மனிதக்குரங்கு இல்லம் 2013இல் திறந்தது. அங்கே முகத்தை மட்டும் எடுக்காமல் கையையும் பாருங்கள். ஒரு தண்டை இரண்டு விரலால் பிடித்து, பட்டையை உரித்து, உள்ளே இருப்பதை மட்டும் தின்னும் அந்தக் கைக்கு 200 மி.மீ. லென்ஸ் போதும். ஷட்டர் வேகம் 1/250க்குக் கீழே இறங்கினால் விரல்கள் கலங்கிவிடும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள்.

அப்புறம், வெப்பமண்டலச் செடிகள் இருக்கும் கண்ணாடி வீடுகள். வெளியே குளிர், உள்ளே ஈரமான வெக்கை. கேமராவைக் கையில் பிடித்தபடி நுழைந்தால் லென்ஸ் உடனே வேர்த்துவிடும். பைக்குள் மூடியே வைத்திருந்து, உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அது சூடேறிய பிறகு எடுங்கள். துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

கிளம்பும்போது கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் ரோசன்ஸ்டைன் பூங்காவில் மஞ்சள் தலை அமேசான் கிளிகள் காட்டுப் பறவைகளாகவே வாழ்கின்றன. மெக்சிகோ பக்கத்துப் பறவை. 1980களில் கூண்டிலிருந்து வெளியே வந்தவற்றின் வாரிசுகள் இவை. சத்தம்தான் முதலில் கேட்கும். வசந்த காலத்தில் மொட்டுத் தின்ன வந்து கிளையில் உட்காரும். இலை அடர்ந்துவிட்டால் பச்சைக்குள் பச்சையாக மறைந்துவிடும் என்பதால் ஏப்ரலில் எடுப்பதே சுலபம். ஷட்டர் வேகத்தை 1/1000 வைத்துத் தயாராக நில்லுங்கள். பறக்கும்போது கூட்டமாகத்தான் கிளம்பும்.