தாம்பாளத்தில் கடல்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். கருவாடு காயவைக்கும் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். நான் ஏர்வாடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பாதிப் பேர் வீட்டில் கடல் தொழில், மீதிப் பேர் வீட்டில் உப்பளம், பனை, கரிமூட்டம்.

வேதியியல் என்றாலே பிள்ளைகள் முகம் சுருங்கிப்போகிறது. என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். கலர் சார்ட் எழுதி ஒட்டினேன். தனிமங்களின் பெயர் எழுதி சீட்டுக்கட்டுபோல் விளையாட வைத்தேன். வீடியோ போட்டேன். பார்க்கும்போது கைதட்டுகிறார்கள். மறுநாள் ‘தெவிட்டிய கரைசல் என்றால் என்ன?’ என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. செயல்பாட்டுப் பெட்டி ஒன்று விற்கிறார்கள், சில ஆயிரம் ரூபாய். கைக்காசில் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் வேதியியல் படித்தவர் என்று எப்போதோ எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு நான் என்ன செய்து கொடுக்கலாம், சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பெட்டி வேண்டாம். அந்தக் காசில் ஒரு பகுதியை எடுத்து ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வாங்குங்கள். சமையலறைக்கு விற்பதே போதும். அதோடு ஓர் அளவு ஜாடி, ஒரு கைலென்ஸ். மற்றதெல்லாம் உங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து வரும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மாணவி. சில வருடங்களுக்கு முன் வாலிநோக்கம் பக்கம் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பாட்டில் கடல் தண்ணீரும் ஒரு சின்ன கேஸ் அடுப்பும் கொண்டு போனேன். பிள்ளைகள் முன்னால் சட்டியில் ஊற்றிக் காய்ச்சினேன். முதலில் கலங்கியது. அப்புறம் படபடவென்று தெறித்தது. அடியில் வெள்ளையாகப் படிந்ததும் ‘இதுதான் உப்பு’ என்று சொல்லி அடுப்பை அணைத்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். சட்டி ஆறட்டும் என்று நின்றாள். ஆறியதும் ஓரத்தில் இருந்ததை ஆள்காட்டி விரலால் தொட்டு, பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

‘சார், பிசுபிசுங்குது. கடைசித் தண்ணிய வடிச்சிருக்கணும். வடிக்காம விட்டா உப்பு கசக்கும், மூட்டையில நீர் விடும்.’

அவள் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அந்தப் பெண் சொன்ன இரண்டு வரியில் கரைதிறன் இருக்கிறது, கரைந்த உப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து விழும் பின்னப் படிகமாதல் இருக்கிறது, ஈரம் உறிஞ்சிக் கரையும் உப்புகள் இருக்கின்றன. நான் தயாரித்துக் கொண்டு போயிருந்த நாலு பக்கக் குறிப்பில் அந்தக் கடைசித் தண்ணீர் இல்லை. அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். என் பள்ளிக்காலத்தில் சோடியம் குளோரைடு என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். பள்ளிக்கு அரை மைலில் பாத்திகளில் உப்பு குவிந்து கிடந்தது. அங்கே ஒரு நாள்கூட எங்களை யாரும் கூட்டிப் போனதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, உங்கள் ‘கரைசல்கள்’ பாடத்துக்கு வருகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் பெரிய மழை கிடையாது. காற்றும் வெயிலும்தான். அந்த மாதங்களில் இதைச் செய்துவிடுங்கள்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி அகலமான தாம்பாளத்தில் ஊற்றுங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்கும். வெயிலில் வைத்து மேலே வலை போட்டுவிடுங்கள். காலையிலும் மாலையிலும் இரண்டு பிள்ளைகள் அதை அளவு ஜாடியில் ஊற்றி எவ்வளவு மிச்சம் என்று குறித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் வெயிலில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுத் தாளில் ஒரு விடை எழுதிப் பெயர் போட்டுத் தர வேண்டும்: லிட்டர் தண்ணீர் எத்தனை மில்லியாகச் சுண்டும்போது உப்பு விழ ஆரம்பிக்கும்? கை தூக்கச் சொல்லாதீர்கள். தூக்கச் சொன்னால் எல்லோரும் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் கையைப் பார்த்துத் தூக்குவார்கள். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது அவரவர் விடை. அப்புறம் நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை, இடைவேளையில் தாங்களே போய் எட்டிப்பார்ப்பார்கள்.

பெரும்பாலானவர்கள் பாதி என்றுதான் எழுதுவார்கள். பாதியில் உப்பு வராது. 500 மில்லி வாக்கில் லேசாக மங்கும். அது கால்சியம் கார்பனேட். லிட்டருக்குப் பத்தில் ஒரு கிராம் அளவுதான் இருக்கும். 200 மில்லி வாக்கில் அடியில் மெல்லிய ஊசிகள் தெரியும், கைலென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். அது ஜிப்சம், சிமெண்டில் சேர்ப்பது. சாப்பாட்டு உப்பு வர 100 மில்லிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்போது தண்ணீரின் மேலேயே சின்னச் சின்ன சதுரங்கள் மிதக்கும். அந்தச் சதுரத்தைப் பார்க்கிற முகங்களை நீங்கள் பார்க்க வேண்டும்! இத்தாலிய வேதியியலாளர் உசிக்லியோ 1849இல் மத்தியதரைக் கடல் தண்ணீரை இப்படித்தான் படிப்படியாகச் சுண்டவைத்து வரிசையை எழுதிவைத்தார். அதையே உங்கள் பிள்ளைகள் மன்னார் வளைகுடாத் தண்ணீரில் செய்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

கணக்கு இதற்கு அப்புறம்தான் வர வேண்டும். லிட்டர் கடல் தண்ணீரில் உப்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிராம். அதில் சோடியம் குளோரைடு சுமார் 27. 100 கிராம் தண்ணீர் அதிகபட்சம் 36 கிராம் சோடியம் குளோரைடைத்தான் பிடித்து வைத்திருக்கும். அப்படியானால் 27 கிராமைப் பிடித்து வைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 75 கிராம். தண்ணீர் அதற்குக் கீழே போனால் உப்பு விழுந்தே ஆக வேண்டும். ‘ஆனால் நமக்கு நூறிலேயே விழுந்துவிட்டதே?’ என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதே தண்ணீரில் மெக்னீசியம் உப்புகளும் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன, மெக்னீசியம் குளோரைடிலும் குளோரைடு இருக்கிறது, அதனால் சோடியம் குளோரைடு சற்று முன்னாலேயே வெளியே வந்துவிடுகிறது. இதற்கு மேல் கரைக்க முடியாத அந்தத் தண்ணீருக்குத்தான் தெவிட்டிய கரைசல் என்று பெயர், அந்தச் சொல்லை அந்த இடத்தில் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் தாங்கள் பார்த்த ஒன்றுக்குப் பெயர் வைப்பதாக அது இருக்கும்.

30, 40 மில்லி மிஞ்சும்போது அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்துவிடுங்கள். அதுதான் அந்தப் பெண் சொன்ன கடைசித் தண்ணீர். மெக்னீசியம் குளோரைடு 100 கிராம் தண்ணீரில் 54 கிராம் வரை கரையும் என்பதால் அது கடைசிவரை இறங்காது. டம்ளரை ஒரு வாரம் வைத்தாலும் முழுதாகக் காயாது. புழுக்கமான ஒரு நாளில் சாயங்காலம் எடை போட்டு, மறுநாள் காலையிலும் எடை போட்டுப் பாருங்கள். கூடியிருந்தால் கூடியது காற்றிலிருந்து வந்த ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் கல்லுப்பு ஜாடி ஏன் நீர்விடுகிறது என்று அன்றைக்கு அம்மாவிடம் போய்ச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் சார்ட்டும் வீடியோவும் ஏன் மனதில் நிற்கவில்லை என்பது. கிளாஸ்கோவில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் எழுதிய கட்டுரை ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வேதியியல் ஒரு முக்கோணம் என்றார். ஒரு மூலையில் கண்ணால் பார்ப்பது, இன்னொரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத துகள், மூன்றாவதில் குறியீடும் சமன்பாடும். படித்தவர்கள் மூன்றுக்கும் நடுவே நினைத்தபோது தாவுகிறோம். பிள்ளைகளை ஒரே மூச்சில் மூன்றுக்கும் இழுத்தால் திணறிப்போவார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் மூலை உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். அதைத் தொடாமல் நேராகக் குறியீட்டு மூலைக்குக் கொண்டு போய் நிறுத்திவிடுகிறோம். உங்கள் தனிமச் சீட்டுக்கட்டு கெட்ட யோசனை இல்லை, அது மூன்றாவது மூலைக்கான விளையாட்டு. இரண்டு மாதம் கழித்து எடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத துகளின் இரண்டாவது மூலைக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். தாம்பாளம் வெயிலில் இருக்கும்போதே ‘ஊசிமுனை அளவு தண்ணீருக்குள் புகுந்து பார்த்தால் என்ன தெரியும், வரையுங்கள்’ என்று சொல்லுங்கள். பல பேர் தண்ணீருக்குள் குட்டிக் குட்டி உப்புக் கற்களை வரைவார்கள். சிலர் ஒன்றுமே வரையாமல் ‘உப்பு மறைந்துவிட்டது’ என்று எழுதுவார்கள். திருத்தாதீர்கள். தேதி போட்டு வாங்கி வையுங்கள். உப்பு விழுந்த அன்று மறுபடி வரையச் சொல்லி, பழைய தாளையும் கையில் கொடுங்கள். மின்னேற்றம் கொண்ட துகள்களான சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தனித்தனியே தண்ணீர் மூலக்கூறுகள் சூழ அலைந்துவிட்டு, இடம் பற்றாமல் வரிசை கட்டிச் சதுரமாக உட்காருகின்றன என்பதை அந்த இரண்டு தாளுக்கும் நடுவில் வைத்துப் பேசுங்கள்.

இன்னொன்று துரு. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக உப்புக் காற்றோடு மல்லுக்கட்டியது. பக்கத்தில் 2025இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் ஏன் என்பதுதான் பாடம். புதிய இரும்பு ஆணிகள் வாங்குங்கள். ஒன்று மூடிய பாட்டிலில் கடல் தண்ணீரில் முழுதாக மூழ்கட்டும். ஒன்று கடல் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி வெளியே தொங்கட்டும், காயக் காய நனையுங்கள். ஒன்று காற்று வெளியேறும்படி கொதித்து ஆறிய தண்ணீரில், மேலே காற்று புகாமல் எண்ணெய் ஊற்றி. ஒன்றில் ஆய்வக அலமாரியில் கிடக்கும் துத்தநாகத் துண்டை ஆணியோடு கட்டிக் கடல் தண்ணீரில் போடுங்கள். எது முதலில் துருப்பிடிக்கும்? தாள், பெயர், பழையபடி. ‘முழுக்க மூழ்கினதுதான்’ என்று பலரும் எழுதுவார்கள். படகில் போகிற பையன்கள் சிலர் மாற்றி எழுதுவார்கள், ஏனென்றால் ஜெட்டித் தூணில் அலை அடித்து அடித்துக் காய்கிற இடம்தான் முதலில் உரிகிறது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். உப்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் அங்கேதான் தாராளமாகச் சேர்கின்றன. துத்தநாகம் கட்டிய ஆணி வெகுநாள் தாங்கும், துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். இரும்புப் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இதற்குத்தான்.

அமிலம், காரம் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் லிட்மஸ் தாள் தீர்ந்துவிட்டது என்றால் மஞ்சள் இருக்கிறது. ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால். அதில் புளித்தண்ணீர் விட்டால் திரும்ப மஞ்சளாகும். மீனைப் புளியில் அலசினால் கவிச்சி அடங்குவதும் இதே கதைதான், டிரைமெத்தில் அமீன் என்ற காரம் அமிலத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாறிவிடுகிறது. பனை ஏறுகிறவர் வீட்டுப் பிள்ளையிடம் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று கேளுங்கள். தடவாவிட்டால் கள்ளாகிவிடும் என்று சொல்லும். நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காரத்தன்மை ஒத்துக்கொள்ளாது என்பதை நீங்கள் சேர்த்துச் சொன்னால் போதும்.

அறிவியல் கண்காட்சி என்றதும் சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது ஒரு கேள்வியையும் எழுப்புவதில்லை. அதே வினிகரைக் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்மேல் ஊற்றி, எடை எவ்வளவு குறைகிறது என்று தராசில் பார்த்தால் அது பாடம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றிக் காட்ட ஆசைப்படுவீர்கள். பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதேபோல வகுப்பில் எதையும் நக்கிப் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சட்டமாக்கிவிடுங்கள், உப்பாக இருந்தாலும்.

பாடத்தை முடிக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தாம்பாளத்துக்குத் தினம் ஐந்து நிமிடம். துரு ஆணிக்கு வாரத்துக்குப் பத்து நிமிடம். வகுப்பில் அதற்கு மேல் ஆகாது. உப்பளத்து வீட்டுப் பிள்ளை பேச ஆரம்பித்தால் மட்டும் நீங்கள் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், ‘டிகிரி ஏறினாத்தான் உப்பு இறங்கும்’ என்று அவர்கள் வீட்டுச் சொல்லில்தான் வரும் (டிகிரி என்றால் சூடு இல்லை, உப்புத் தண்ணீரின் அடர்த்தி அளவு). அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் புத்தகச் சொல்லை எழுதுங்கள்.

இதை எழுதும்போதே எனக்கும் ஒன்று தோன்றுகிறது. பாம்பனில் ஒரு பக்கம் பெண்கடல் என்கிற பாக் விரிகுடா, மறுபக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா. உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது அங்கே உறவு இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் இரண்டு கடலிலிருந்தும் ஒரே நாளில் ஒவ்வொரு லிட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள். மழைத் தண்ணீரும் வடக்கேயிருந்து வரும் நீரோட்டமும் சேர்ந்து பாக் விரிகுடாப் பக்கம் அப்போது உப்பைக் குறைக்கும். எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் முதலில் தாளில் எழுதட்டும், அப்புறம் இரண்டு தாம்பாளம் வையுங்கள். எடை வந்ததும் எனக்கு எழுதுங்கள்.